திருத்தாத நாற்பது நாள்

எங்கள் சபையில் சாம்பல் புதனன்று ஒரு பழக்கம் உண்டு. ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, ஈஸ்டர் வரைக்குமான லெந்து என்கிற நோன்பு நாட்களில் எதை விடப்போகிறோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். கர்த்தர் நமக்காக உயிரையே விட்டார், நாம் ஒரு சின்ன ஆசையையாவது விட வேண்டாமா என்று கேட்பார்கள். ஆனால் எங்கள் பெண்கள் கெட்டிக்காரிகள். பல்லெல்லாம் கொட்டிப்போன ஒரு பெரியம்மா வருடாவருடம் முறுக்கை விடுவார். புருஷன் பம்பாயில் வேலை பார்க்கும் ஒருத்தி, அவனோடு சண்டை போடுவதை விட்டாள். நான் மட்டும் லேசுப்பட்டவளா? ஒரு வருடம் சர்க்கரையை விட்டேன். அந்த மாதம் ரேஷன் கடையில் சர்க்கரையே போடவில்லை.

ரயில்வே ஸ்ட்ரைக் நடந்ததற்கு முந்தைய வருடம் எங்கள் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். போதகரை நாங்கள் ஐயர் என்போம்; அவர் மனைவி ஐயரம்மா. இந்த ஐயரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்த சாம்பல் புதனன்று முன் வரிசையில் உட்கார்ந்து, முறுக்கு வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து நின்றார்.

"நீங்களே பாத்துப் பாத்து எடுத்து வச்சா, அதுவும் உங்க இஷ்டந்தானே? இந்த வருஷம் நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எதை விடணும்னு உங்க வீட்டாளு சொல்லட்டும்."

கோயிலுக்குள் சலசலப்பு. பெரியம்மாவின் மருமகள் உடனே எழுந்து, "வெத்தல பாக்கு!" என்றாள். பெரியம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அடுத்தது நான். என் அம்மா எழுந்தாள்.

"இது சாப்புடுறது எதுன்னாலும் வுட்ரும்மா. பட்டினியாக்கூட கெடக்கும். ஆனா ஒருத்தரு ஒன்னு தப்பா சொல்லிட்டா இதுக்குப் பொறுக்காது. அத்த வுடச் சொல்லுங்கோ. ஈஸ்டர் வரிக்கும் யாரையும் திருத்தக்கூடாது."

ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ "ஆமென்!" என்றார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது என் நைனா.

"அது சாப்பிடுற பொருள் இல்லையே ஐயரம்மா," என்றேன். "அதோட, ஈஸ்டர் வரைக்கும்னு மொத்தமா சொல்லக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகள் நாற்பது நாள் கணக்குல சேராது."

"பாத்தீங்களா?" என்றாள் அம்மா. "தோ, ஆரம்பிச்சுட்டா."

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். என் தாத்தா காலம் வரைக்கும் எங்கள் வீட்டார் பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நைனா செங்கல்பட்டு ரயில்வேயில் கேங்மேன் ஆனார். தண்டவாளத்தில் சம்மட்டி அடித்துக்கொண்டே என்னைப் படிக்க வைத்தார். பத்தாவதும் டீச்சர் டிரெயினிங்கும் முடித்து, திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகிற சாலையில் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் வம்சத்தில் எழுதத் தெரிந்த முதல் கை என்னுடையது. அதைக் கட்டி வைத்துக்கொள்ள நான் படிக்கவில்லை. கண்டக்டர் ஊர்களை வரிசை மாற்றிக் கத்தினால் சொல்வேன். மூப்பர் ஜெபத்தில் பன்னிரண்டு சீஷர்களில் ஒருவரை விட்டுவிட்டால், ஆமென் சொன்னதும் போய்ச் சொல்வேன். சாம்பாருக்குப் புளி எப்போது ஊற்ற வேண்டும் என்று அம்மாவுக்குச் சொல்வேன். எனக்குச் சமைக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே நைனா ஆரம்பித்தார்.

"இன்னா, லண்டன் இன்னா பெரிய தூரம்? பாண்டிச்சேரிக்கு அந்தாண்ட எறங்கி இன்னொரு பஸ்ஸு புடிச்சா பூட்லாம்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சோற்றை மென்றேன்.

"நெலாவுக்குப் போனானுங்களே, அவனுங்க ராத்திரில போனதால பொழச்சானுங்க. பகல்ல போயிருந்தா கருகிப் பூட்டு இருப்பானுங்க."

"நைனா!"

"இன்னாம்மா? இன்னாவோ சொல்ல வந்த?"

"ரசம் ஊத்தட்டுமான்னு கேட்டேன்."

அந்த வாரம் முழுக்க அவர் உலகத்தையே தலைகீழாக்கினார். நான் எல்லாவற்றையும் மனசுக்குள் சேர்த்து வைத்து, லெந்துக் கணக்கில் சேராத ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றாகத் திருத்தினேன். "கொளவாய் ஏரி மதகத் தொறந்து வுட்ட மாரி கீது," என்றாள் அம்மா, காதைப் பொத்திக்கொண்டு.

இந்த நிலையில்தான், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

லெந்தில் கல்யாணம் கிடையாது. பார்க்க வருவதற்குத் தடையில்லை. மாப்பிள்ளை மின்வாரியத்தில் லைன்மேன். கடற்கரையோரக் கம்பிகளெல்லாம் உப்புக் காற்றில் அரித்துப்போகும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் அவருக்கு வேலை. அப்பா இல்லை. அம்மா திருக்கழுக்குன்றத்தில் ஆஸ்பத்திரி ஆயா. ஒரு வார்டு முழுக்கக் கேட்கிற குரல் அவருக்கு. ஜெபம் பண்ணி உட்கார்ந்தோம்.

"என் பொண்ணு இஸ்கூல்ல ஹெட்மிஸ்டரஸ்," என்றார் நைனா.

பள்ளிக்கூடத்தில் மொத்தம் இரண்டே டீச்சர்கள், நான் இரண்டாவது. நைனா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். விழுங்கிக்கொண்டேன்.

"காப்பி அவளே போட்டா," என்றாள் அம்மா. அதையும் விழுங்கினேன்.

பிறகு மாப்பிள்ளையின் அம்மா பேச ஆரம்பித்தார். டாக்டர் தன்னைக் கேட்காமல் மருந்து எழுத மாட்டார் என்றார். வேப்பெண்ணெய் தடவினால் மாலைக்கண் போய்விடும் என்றார். பொறுமையைப் பற்றியும் சொன்னார். "மோசேவப் பாருங்கோ. அந்தப் பேழைய எத்தினி வருசம் கட்டினாரு! ஊரே நின்னு சிரிச்சுது. வாயத் தொறந்தாரா மனுசன்?"

மோசே எங்கே, பேழை எங்கே! நோவா என்கிற பெயர் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவர்கள் ஒரு நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

"அடக்கம்னா இது அடக்கம்," என்றார் அந்த அம்மா, என் தலையைத் தடவி. "படிச்ச பொண்ணுன்னதும் எனக்கு பயம். எங்க வூட்டுக்கு வாயாடி வேணாம் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணிகினே வந்தேன். கர்த்தரு கேட்டுட்டாரு."

என் அம்மாவுக்கு இருமல் வந்தது. நைனா கூரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க இஸ்கூல்ல கரண்டு கீதா?"

"இல்லை."

"மழை மூட்டத்துல பசங்களுக்குப் பலகைல எழுதுறது தெரியாதே," என்றார், தனக்குள்ளேயே சொல்லிக்கொள்வது போல.

ஒரு பெண்ணைப் பார்க்க வந்த இடத்தில் அவள் வகுப்பின் பின் வரிசைப் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் மோசே இல்லை.

நான்காம் நாள் சம்மதம் என்று ஆள் வந்தது. ஈஸ்டர் ஞாயிறன்றே முதல் ஓலை வாசித்துவிடலாம் என்றார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிப்பதைத்தான் ஓலை என்போம். அம்மா துள்ளினாள்.

"பாத்தியாடி? வாய மூடினா மாப்பிள வருது! இருவது வருசமா நான் சொல்லிகினே கீறேன்."

அதற்குப் பிறகு பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமாகவே இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் என்ன கத்தினாலும் ஜன்னல் பக்கம் மெல்லச் சிரித்துக்கொண்டேன். அடக்கமான பெண்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்று பழகிப் பார்த்தேன். என்னைக் கண்டால் ஒதுங்கிப்போகிற மூப்பர்கூட, "லெந்து உங்கிட்ட நல்லா வேல செய்யுதும்மா," என்றார். 

ஒரு நாள் மத்தியானம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் லைன் வேலை நடந்தது. அவர் தண்ணீர் கேட்டு வந்தார். சொம்பைக் கொடுத்தேன். குடிக்கிறார், குடிக்கிறார், தீரவே இல்லை.

"டேய் மச்சான்!" கம்பத்தின் மேலிருந்து ஒரு குரல். "தண்ணி குடிக்கப் போனியா, கெணறு வெட்டப் போனியா?"

பிள்ளைகள் எல்லோரும் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். அவர் சொம்பைத் திருப்பித் தந்தார். "எங்கம்மா உன்னப் பத்தி ஆஸ்பத்திரி பூரா சொல்லிகினு கீறாங்க. பேசாத பொண்ணு, வெள்ள மனசுன்னு. நோயாளிங்ககிட்டகூட சொல்றாங்க."

சொல்லிவிடலாமா என்று இருந்தது. சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. தன்னை மறுப்பதைப் பற்றி ஐயர் பிரசங்கம் செய்தார். எல்லா வருடமும் கேட்கிற பிரசங்கம்தான். கையில் ஓலையைக் கிழித்துச் சிலுவை மடித்துக்கொண்டு பாதிக் காதில்தான் கேட்டேன். நான் என்ன விட்டேன் என்று மனசுக்குள் ஒரு பெருமைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாயை விட்டேன். விட்டு என்ன ஆயிற்று? மாப்பிள்ளை வந்தார். நல்ல பெயர் வந்தது. மூப்பர் புகழ்ந்தார். அம்மா இரண்டு வாரமாகத் திட்டவில்லை. யோசிக்க யோசிக்க எனக்கு வேர்த்தது. நான் கர்த்தருக்குக் கொடுத்ததாகச் சொன்னதை மாமியாருக்குக் காட்டி விலை வாங்கிக்கொண்டிருந்தேன். பல்லில்லாத பெரியம்மா விட்ட முறுக்குகூட இதைவிட யோக்கியமானது; அதை வைத்து அவர் ஒன்றும் சம்பாதிக்கவில்லை.

முதலில் வாயை மூடுவது கஷ்டம், அதனால் மூடினேன். இப்போது திறப்பது கஷ்டம். திறந்தால் அந்த மனிதர் போய்விடுவார். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அப்படியானால் இப்போது நான் விட வேண்டியது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த ஒருத்தி, பிரசங்கம் என்னைத் தொட்டுவிட்டது என்று நினைத்துத் தன் முந்தானையைக் கொடுத்தாள்.

அந்த வாரம் தினமும் செங்கல்பட்டில் பஸ் ஏறும்போது, "ஆண்டவரே, அவரை உம்மிடம் விட்டுவிட்டேன்," என்பேன். திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் படுவதற்குள் திரும்பப் பிடுங்கிக்கொள்வேன். ஒப்புக்கொடுப்பது ஒரு தரம் செய்து முடிக்கிற காரியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தினமும் பஸ் ஏறுகிற மாதிரி என்று அந்த வாரம்தான் புரிந்தது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். மறுநாள் விடியற்காலையில் மெழுகுவத்தி ஏற்ற வேண்டும் அல்லவா? மாப்பிள்ளையின் அம்மாவுக்கு எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டு இறந்துபோன ஓர் அக்கா உண்டு. அந்தக் கல்லறைக்கு அடிக்க அவர் வந்திருந்தார். அடித்துவிட்டு ஐயரைப் பார்த்து ஓலைக்குப் பேர் கொடுப்பதாக ஏற்பாடு. நல்ல வெயில். நானும் அம்மாவும் வாளியோடு பக்கத்தில் போனோம்.

"வாம்மா," என்றார் அவர், சுற்றி நின்ற பெண்களிடம் என்னைக் காட்டி. "என் மருமவ. வாயில வெரல வுட்டாக்கூட கடிக்காது."

"அத்தை," என்றேன். "நான் அப்படி இல்லை."

அம்மா என் இடுப்பைக் கிள்ளினாள்.

"நான் நல்லாப் பேசுவேன். லெந்துக்கு விட்டிருக்கேன்."

"இன்னாத்த வுட்டு கீற?"

"மத்தவங்களத் திருத்துறத."

அவர் அடித்துக்கொண்டிருந்த மட்டையைச் சுண்ணாம்பு வாளியில் வைத்தார். "இன்னாம்மா உளர்ற?"

"நான் ஹெட்மிஸ்டரஸ் இல்லை அத்தை, சின்ன டீச்சர். அன்னைக்குக் காப்பி போட்டது எங்கம்மா. வேப்பெண்ணெய் தடவினா மாலைக்கண் போகாது, முருங்கைக்கீரை சாப்பிடணும். பேழை கட்டினது மோசே இல்லை, நோவா."

சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி கல்லறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்தாள். மாப்பிள்ளையின் அம்மா என்னையே பார்த்தார்.

"அப்போ அன்னிக்கு நான் பேசப் பேச, தலையக் குனிஞ்சுகினு, மனசுக்குள்ள எண்ணிகினு இருந்தியா?"

"ஆமாம் அத்தை."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் பாதி அடித்த கல்லறையை அப்படியே விட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். புடவையெல்லாம் சுண்ணாம்பு. ஐயர் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராக பஸ் நிறுத்தத்துக்குப் போனார்.

"பாவி!" என்றாள் அம்மா. "இன்னும் ஒரு நாளுதானேடி! ஒரே ஒரு நாளு வாய மூடிகினு இருக்கக்கூடாதா?"

"நாளைக்கு ஓலை வாசிச்சுடுவாங்கம்மா. அதுக்கப்புறம் சொன்னா நான் எதையும் விட்டதா ஆகாது."

"எனுக்கு ஒன்னும் புரியல," என்று அழுதாள். பிறகு மட்டையை எடுத்து, அந்த அம்மா விட்டுப்போன மிச்சக் கல்லறையையும் அவளே அடித்து முடித்தாள்.

ஈஸ்டர் ஆராதனையில் வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார்கள். எங்கள் பேர் வரவில்லை. நைனா வீடு வரைக்கும் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. அதிலிருந்தே அவருக்கு எவ்வளவு வருத்தம் என்று தெரிந்தது. கர்த்தர் உயிர்த்தெழுந்த நாளில் நான் மூக்கைச் சிந்திக்கொண்டு பிரியாணி சாப்பிட்டேன். செய்தது சரி என்று தெரியும். சரி என்று தெரிந்தால் வலிக்காது என்று எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது, சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு அவர் வந்தார். இறங்கினார். ஏணியைச் சரி செய்தார். சரியாக இருந்ததை மறுபடி சரி செய்தார்.

"எங்கம்மா ஒன்னு கேட்டுகினு வரச் சொன்னாங்க."

"என்ன?"

"கல்யாணத்துக்கு அப்பால நீ எத்தினி நாளு பேசாம இருப்பன்னு."

"ஒரு நாளும் இருக்க மாட்டேன்."

"சரி, சொல்லிடுறேன்."

"கோபப்படுவாங்களா?"

"பின்ன? திட்டுவாங்க. நீயும் திருப்பிப் பேசுவ."

"பேசுவேன். நீங்க என்ன செய்வீங்க?"

ஏணியைப் பார்த்தார். "நான் கம்பத்து மேல இருப்பேன்," என்றார்.

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். நான் போக வேண்டிய பஸ் வந்து, நின்று, என்னை விட்டுவிட்டுப் போனது.

ஆனாலும் அவர் அம்மா உடனே இறங்கி வரவில்லை. அடுத்த ஞாயிறும் ஓலை இல்லை. அதற்கடுத்த ஞாயிறு வாசித்தார்கள். எங்கள் பேர்களை ஐயர் சொன்னபோது அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. தடை சொல்ல யாராவது உண்டா என்று ஐயர் கேட்டார். எல்லோரும் திரும்பி, அன்று எங்கள் கோயிலுக்கு வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. என் எதிரே நின்றார். நான் மரியாதையாகத் தலையைக் குனிந்து நின்றேன்.

"பேசு," என்றார்.

"என்ன அத்தை?"

"எதுனா பேசும்மா. நீ பேசாம நின்னாதான் எனுக்கு பயமா கீது, உள்ள இன்னா எண்ணிகினு கீறியோன்னு."

"வெயில்ல வந்திருக்கீங்க. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போங்க அத்தை."

அவர் சந்தேகமாகப் பார்த்தார். "அவ்ளோதானா?"

"இப்போதைக்கு அவ்வளவுதான்," என்றேன்.